கட்டைவிரல் வலியும் காந்தள் கிழங்கும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. யூரிக் ஆசிட் கூடி, கால் கட்டைவிரல் வீங்கினால் கண்வலிக்கிழங்கை இடித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமாம். என் பழைய மாணவர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "சார், அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். உடனே போன் போட்டு, "வேண்டவே வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் என்று விளக்க ஒரு சின்ன வரலாற்றுப் பாடம் நடத்துகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. அதுதான் ஆபத்தே.

கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில், கொல்கிஸ் என்று ஒரு பழைய நாடு இருந்தது. அந்தப் பெயரால் வழங்கும் செடி கொல்சிகம். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டியோஸ்கோரிடிஸ் அதை நஞ்சு என்றே எழுதி வைத்தார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் அந்த இனக் கிழங்கைக் கவுட் வலிக்குக் கொடுத்தார். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவைக் கட்டிய சிற்பிகளில் ஒருவரான ஆந்தெமியஸ் இவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர். வலி குறைந்தது, கூடவே வயிற்றுப்போக்கும் வந்தது.

1780களில் பிரான்சில் உசோன் என்ற ராணுவ அதிகாரி கவுட்டுக்கு ஒரு ரகசியத் தைலநீர் விற்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. 1814இல் லண்டனில் ஜான் வாண்ட் என்பவர்தான் அதில் இருப்பது கொல்சிகம் என்று கண்டு சொன்னார். 1820இல் பெல்தியே, கவென்தூ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அந்தச் செடியின் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான குயினைனை அதே ஆண்டு பிரித்தவர்களும் இவர்களே. 1833இல் கைகர் என்ற ஜெர்மானியர் அந்தச் சத்துக்குக் கொல்சிசின் என்று பெயர் வைத்தார். கவுட் நோயாளியின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் இங்கிலாந்தின் கேரட் காட்டினார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் மாநில மலர் எது? செங்காந்தள்! வகுப்பில் எத்தனை முறை கேட்டிருப்பேன். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் முதலில் நிற்பதும் அதுதான். அதன் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. கொல்சிகமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். இதிலும் கொல்சிசின் உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விவசாயிகள் இதைப் பயிரிட்டு, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள்.

அப்படியானால் வீட்டில் கஷாயம் வைத்தால் என்ன? மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று உரலுக்கும் தெரியாது, அம்மிக்கும் தெரியாது. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. தின்ற சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி; அடுத்து சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று பாதிக்கும். முறிக்க மாற்று மருந்தும் கையில் இல்லை. இந்தக் கிழங்கைத் தின்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உயிர்கள் போயிருக்கின்றன.

நானும் கவுட்காரன்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி அந்தச் சின்ன மாத்திரையை விழுங்கியவன். வலியை அது அடக்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு வேறு மருந்து உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், வேறு மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஈரல், நெத்திலிக் கருவாடு, மது மூன்றையும் தள்ளி வையுங்கள்.

மூலிகையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் செடியிலிருந்துதான் மாத்திரையே வந்தது. ஆனால் அளவைக் கண்டுபிடிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதை நாம் ஒரே நாளில் அடுப்பங்கரையில் கண்டுபிடித்துவிட முடியாது.

தம்பி, அப்பாவை நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போ. போய்வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்