தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் பாடல் தெரிவும் இறைப்பெயரும்: பெங்களூருவை முன்வைத்து

முன்னுரை

வழிபாட்டில் பாடப்படும் பாடல் செவிக்கினிய இசை மட்டுமன்று. சபை தான் நம்புவதை நாவால் அறிக்கையிடும் செயலும் ஆகும். மறைநூலைப் படிக்க இயலாதவரும் பாடலை மனப்பாடமாக அறிவர். ஆதலின் எப்பாடலை ஏற்பது, எதனை விலக்குவது என்னும் வினா தமிழ்க் கிறித்தவ வரலாறு நெடுகிலும் எழுந்துள்ளது. கோட்பாட்டுத் தூய்மையே இத்தெரிவின் அளவுகோலாகக் கூறப்பட்டபோதும், மொழி, யாப்பு, இசை, சமூகம் ஆகியனவும் உடன் செயற்பட்டன என்பதைப் பெங்களூருவோடு தொடர்புடைய சான்றுகளையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் பணியின் வழியே ஜெர்மானிய வழிபாட்டுப் பாடல்கள் தமிழில் பெயர்க்கப்பட்டன. ஃபப்ரீசியஸ் (1711-1791) இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். ஞானப்பாட்டுகள் எனப்படும் இவற்றின் கருத்து சபையால் முன்னரே ஏற்கப்பட்டது. எனவே கோட்பாடு குறித்த ஐயம் எழவில்லை. ஆயின் அயல் மெட்டில் தமிழ்ச்சொல் அமர்வதே இடராயிற்று.

இதற்கு மாறாக, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) தமிழ் மரபிசையில் கீர்த்தனைகளை இயற்றினார். 1820களில் புதிய மிஷனெரிகள் அவற்றை வழிபாட்டில் கட்டுப்படுத்த முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தார். அவ்வெதிர்ப்பில் சாதி வேறுபாட்டைக் காக்கும் நோக்கும் கலந்திருந்தது என்பது மறைக்கத்தக்கதன்று. பின்னர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பொது வழிபாட்டிற்கென இடம்பெற்றன. ஒரு தலைமுறை ஐயுற்றதை அடுத்த தலைமுறை அச்சேற்றியது எனலாம்.

இறைப்பெயரும் யாப்பும்

பாடல் தெரிவில் நுண்ணிய சிக்கல் இறைப்பெயரைப் பற்றியதாகும். சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். ஃபப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் பவர் குழுவினர் நிறைவு செய்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1910இல் நிறுவப்பெற்ற பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக விளங்கிய எல்.பி. லார்சன் பிற்காலத்தில் முன்னின்று செய்த திருத்தம் ‘கடவுள்’ என்றது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் இறையியல் காரணம் காட்டப்பட்டது.

உரைநடையில் சொல்லை மாற்றுதல் எளிது, பாட்டில் அங்ஙனமன்று. ‘பராபரன்’ கருவிளச் சீர், ‘தேவன்’ தேமா, ‘கடவுள்’ புளிமா. ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்றை வைப்பின் தாளமும் எதுகை மோனையும் சிதையும். ஆகவே மறைநூலில் கைவிடப்பட்ட பராபரன் பாட்டில் நிலைத்திருக்கக் காண்கிறோம். சபை ஒரே வழிபாட்டில் ஒரு பெயரைக் கேட்டு மற்றொரு பெயரைப் பாடுகிறது. இதனைப் பிழையெனக் கொள்வதினும் நம்பிக்கையின் வரலாற்றுப் படிவு எனக் கொள்ளுதலே பொருந்தும்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதனையொத்த நிலை 2008இல் தோன்றியது. எபிரேய நான்கெழுத்து இறைப்பெயரை வழிபாட்டுப் பாடல்களில் ஒலித்தலாகாது என உரோமை அவ்வாண்டு அறிவுறுத்தியது. ‘யாவே’ என்பதற்கு ‘ஆண்டவர்’ எனின் பொருள் இயைகிறது. ஆயின் தேமாவின் இடத்தில் கூவிளம் வந்து நிற்கிறது.

பெங்களூருவில் மொழியும் பண்பாடும்

1809இல் பாளையம் அமைந்தபின் படைவீரர், வணிகர், தொழிலாளர் எனத் தமிழர் பலர் பெங்களூருவில் குடியேறினர். அவர்தம் வழிபாட்டு மொழியாகத் தமிழ் வேரூன்றியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கை விளக்கம், பாடற்பகுதிகள் திருச்சபைக் கோட்பாட்டிற்கு இசைந்தனவாகவும், பெரிதும் மறைநூலிலிருந்து எடுக்கப்பட்டனவாகவும் இருத்தல் வேண்டும் என்றது. மக்களின் இசை மரபுகளுக்கும் உரிய மதிப்பு வழங்கியது. இலத்தீன் விலகிய இடத்தில் கன்னடமா தமிழா என்னும் வினா இந்நகரில் பூசலாக வளர்ந்தது. எப்பாடல் என்பதற்கு முன்னரே எம்மொழி என்பது இங்குத் தெரிவுக்குரியதாயிற்று.

1967இல் பெங்களூருவில் தோன்றிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவத்தை நிறுவியவர் தமிழரான து.ச. அமலோற்பவதாஸ் (1932-1990). 1969இல் உரோமை ஒப்பிய பன்னிரு பண்பாட்டுத் தழுவல்களை இந்நடுவம் பரப்பியது. ஆயின் வழிபாட்டில் பிற சமய நூல்களை வாசித்தல் 1975இல் தடுக்கப்பட்டது. பண்பாட்டு வடிவத்தை ஏற்றலும் கோட்பாட்டு எல்லையைக் காத்தலும் ஒருங்கே நிகழ்ந்தமை இதனால் புலனாகிறது.

எவருடைய இசை?

மரபிசையை ஏற்றதோடு வினா முடியவில்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005), கருநாடக இசைவழிக் கீர்த்தனைகள் உயர்சாதியினரின் சுவையைச் சார்ந்தவை என்று கருதி, நாட்டார் இசையில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். ஒடுக்கப்பட்டோரின் பறையும் பேச்சுமொழியும் ஆலயத்திற்கு வெளியே நிறுத்தப்படின் அப்பாடல் இறையியலால் நிறைவுடையதாகாது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். அன்று மேலைப்பாட்டிற்கு மாற்றாக நின்ற கீர்த்தனையே இங்குத் திறனாய்வுக்கு உள்ளாயிற்று.

முடிவுரை

முற்காலத்தில் தொகுப்பாசிரியர் கையில் தெரிவு இருந்தது. அச்சிட்ட நூலில் இல்லாத பாடல் ஆலயத்துள் நுழைதல் அரிது. ஒலிநாடாவும் அதன்பின் திரையொளியும் வந்தபின் அக்காவல் தளர்ந்துள்ளது. ஒவ்வொரு சபையின் பாடகர் குழுவும் இன்று தானே தொகுப்பாசிரியராகிறது. இந்நிலையில் பாடல் உண்மையைச் சொல்கிறதா என்னும் வினாவோடு, தமிழ் அதனைத் தாங்குகிறதா, சபையில் எவரேனும் அதனால் புறந்தள்ளப்படுகின்றனரா என்பனவும் உடன்வைத்து எண்ணத்தக்கன. முதல் வினாவை மட்டும் கேட்டோர் சாஸ்திரியாரை விலக்க முற்பட்டனர். மூன்றாவதைக் கேளாதோர் பறையை விலக்கினர். மூன்றையும் ஒருங்கே கேட்கும் தெரிவே தகுதியுடைய தெரிவாகும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.