விறகாகிப் போன பெர்லின் பூங்கா

ஐரோப்பாவுக்குச் செல்லும் நம்மவர்கள் பூங்காக்களைப் பார்ப்பதற்குக் கோடைகாலத்தையே விரும்புவார்கள். டிசம்பரில் பூவும் இல்லை, இலையும் இல்லை. மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். ஆனால், பெர்லின் நகரின் நடுவே ஏறத்தாழ 210 ஹெக்டேயரில் பரந்திருக்கும் டியர்கார்டன் பூங்காவைப் பார்ப்பதற்குக் குளிர்காலமே உகந்தது என்பேன். இலைகள் உதிர்ந்து நிற்கும்போதுதான் அம்மரங்களில் மிகப் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை என்பது கண்ணுக்குப் புலப்படுகிறது. ஐந்நூறு ஆண்டு வரலாறு கொண்ட ஓர் இடத்தில் இத்தனை இளைய மரங்கள் ஏன்?

'டியர்கார்டன்' என்றால் விலங்குத் தோட்டம். 1527 இல் பிராண்டன்பேர்க் ஆட்சியாளரின் வேட்டைக்காடாகத் தொடங்கியது. 1742 இல் மன்னர் இரண்டாம் பிரெட்ரிக் வேலிகளை அகற்றச் செய்து பொதுமக்களுக்கான தோட்டமாக்கினார். 1830 களில் பீற்றர் யோசப் லென்னே என்ற தோட்டக்கலைஞர் அதனைக் குளங்களும் வளைந்த பாதைகளும் கொண்டதாக மாற்றியமைத்தார். 1919 ஜனவரி 15 ஆம் திகதி இரவு கார்ல் லீப்னெக்ட் சுட்டுக்கொல்லப்பட்டதும் இங்குள்ள குளக்கரையில்தான். றோசா லக்சம்பேர்க்கின் உடல் வீசப்பட்ட கால்வாய் பூங்காவின் தென்புறத்தில் ஓடுகிறது. எங்கள் தலைமுறையில் இடதுசாரிக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இவ்விரு பெயர்களையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பூங்கா பெருஞ்சேதம் அடைந்தது உண்மை. எனினும் அதனை வெட்டவெளியாக்கியது போருக்குப் பின்வந்த குளிரே. நிலக்கரி இல்லை. நகர மக்கள் மரங்களைத் தறித்து அடுப்பெரித்தார்கள். சுமார் 200,000 மரங்கள் நின்ற இடத்தில் எஞ்சியவை ஏறத்தாழ 700 மட்டுமே. பூங்கா பிரித்தானியப் படையினரின் ஆளுகைப் பகுதிக்குள் இருந்தது. வெறுமையான நிலத்தை ஏறத்தாழ 2,550 துண்டுகளாகப் பிரித்து உருளைக்கிழங்கும் கோவாவும் பயிரிட அவர்கள் அனுமதித்தனர். 1946-47 குளிர்காலம் ஐரோப்பாவை உறைய வைத்த ஒன்று. பிள்ளைகள் விறைத்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்த மரங்கள் எரிந்தன. தறித்தவர்களைக் குறைகூற என்னால் முடியவில்லை.

இடிபாடுகளைக் கொட்டிக் குளங்களை நிரப்பிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. நகரின் பசுமைத் திட்டமிடலுக்குப் பொறுப்பாயிருந்த றைன்ஹோல்ட் லிங்னர் அதனைத் தடுத்தார். அன்று அது நிறைவேறியிருந்தால் பின்னர் மீட்பதற்கு எதுவுமே மிஞ்சியிராது.

1948 ஜூனில் சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை மூடியது. உணவும் நிலக்கரியும் விமானங்களில் வந்து இறங்கின. அந்த முற்றுகை நீடித்துக்கொண்டிருந்தபோதே, 1949 மார்ச் 17 ஆம் திகதி, மாநகர முதல்வர் ஏர்ன்ஸ்ட் றொய்ட்டர் பூங்காவில் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டார். அடுத்த பத்தாண்டுகளில் ஜேர்மனியின் பல நகரங்களும் நன்கொடையாக அனுப்பிய கன்றுகள் ஏறத்தாழ 250,000. முற்றுகைக் காலத்தில் விமானத்திலும் கன்றுகள் வந்தன. மாவுக்கும் கரிக்கும் எடை பார்த்து இடம் ஒதுக்கிய விமானங்கள் அவை! அரசியல்வாதியின் மரநடுகையைச் சந்தேகத்துடன் பார்ப்பது பத்திரிகையாளனின் வழக்கம். எங்கள் ஊர்களில் நட்ட மறுநாளே ஆடு தின்றுவிடும் கன்றுகள் எத்தனை! றொய்ட்டரின் செயலிலும் அரசியல் இல்லாமலில்லை. ஆனால், வில்லி அல்வெர்டஸ் என்ற பூங்கா அதிகாரியின் பொறுப்பில் நடுகை ஆண்டாண்டாகத் தொடர்ந்தது. காய்கறிப் பாத்திகள் படிப்படியாக மறைந்தன.

எண்பதுகளின் முற்பகுதியில் நம்மவர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பிரெட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்திலிருந்து நகர ரயிலில் மேற்கே சென்று அடைக்கலம் கோரினார்கள். மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழரைக் கடந்துசெல்ல விடுவதில்லை எனக் கிழக்கு ஜேர்மனி 1985 இல் இணங்கியதுடன் அவ்வழி அடைபட்டது. அந்த ரயில் இப்பூங்காவின் வடபுறமாகவே செல்கிறது; டியர்கார்டன் என்ற பெயரிலேயே ஒரு நிலையமும் உண்டு. இதை வாசிப்பவர்களிலும் அப்படிச் சென்றவர்கள் இருக்கக்கூடும். இடப்புற யன்னலில் அவர்கள் கண்ட மரங்களில் மூத்த கன்றுகளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.