பள்ளிக்கூடத்து ஜன்னல்களின் கதை

1908 ஜனவரி. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நடுங்க வைக்கும் குளிர். ஆனால் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் ஜன்னல்கள் அகலத் திறந்து கிடந்தன! பிள்ளைகள் கனமான பைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள். பாதங்களுக்குச் சூடு தர, சூடாக்கிய மாக்கல் வைத்திருந்தார்கள்.

எதற்காக இந்தப் பாடு? காசநோய்க்குப் பயந்துதான்.

அடைபட்ட அறையின் காற்று கெடுதல் என்பதை முன்பே சொன்னவர் மியூனிக் நகரின் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர். மனிதர்கள் மூச்சு விட விட, அறையில் கரியமில வாயு கூடுகிறது. அதை அளந்தால் காற்று எவ்வளவு பழையது என்று தெரிந்துவிடும். பத்தாயிரத்தில் 10 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 1858-ல் அவர் எழுதினார். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1904-ல் பெர்லினை அடுத்த சார்லொட்டன்பர்க்கில், பைன் மரக்காட்டில் முதல் திறந்தவெளிப் பள்ளி தொடங்கியது. நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று மூன்றும் அங்கே கிடைத்தன. ஆகவே பிள்ளைகள் தேறியதற்குக் காற்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

பிறகு என்ன ஆயிற்று? 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. நோய்க்கு மருந்து வந்ததும் ஜன்னலை மறந்துவிட்டார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கட்டடங்களை இறுக அடைத்தார்கள். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 1981 விதிப்படி, ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று இருந்தால் போதும்! அடைத்த கட்டடங்களில் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று புகார்கள் குவிந்தன. 1989-ல் அதே சங்கம் வகுப்பறைக்கான அளவை 15 கன அடியாக உயர்த்தியது.

2020-ல் கொரோனா வந்தபோது, பிராவிடன்ஸின் பழைய புகைப்படங்களை உலகம் மறுபடி தேடி எடுத்தது. பல நாடுகளில் வகுப்பறைச் சுவரில் கரியமில வாயுவை அளக்கும் கருவி தொங்கியது. பெட்டன்கோஃபர் சொன்ன அதே அளவுகோல்தான்!

ஒன்று யோசித்துப் பாருங்கள். மதிய வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். காற்று பழையதானால் பிள்ளைகளின் கவனம் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைகள் தாங்களாக வகுப்பறையைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரியவர்கள் கட்டிய அறையில், பெரியவர்கள் விட்டுவைத்த காற்றைத்தான் அவர்கள் சுவாசிக்கிறார்கள்.