முடக்குவாதம்: வலி குறைந்தால் போதாது, நோய் அடங்க வேண்டும்

மூட்டு வலித்தால் "வேலைக் களைப்பு", "வயதாகிவிட்டது" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுவது நம்மவர்களிடையே வழக்கம். பல ஆண்டுகள் ரப்பர் மரம் சீவியவர்களுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கும் தேய்மானத்தால் முழங்காலும் இடுப்பும் வலிப்பது உண்மைதான். ஆனால், முடக்குவாதம் தேய்மானத்தால் வருவதில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் அது. சிகிச்சை இல்லாவிட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு விரல்கள் கோணிப்போகும். கோணியதை மருந்தால் நிமிர்த்த முடியாது.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. மலேசிய மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை பெறுவோரில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிடக் கூடுதல்.

எப்படி அடையாளம் காண்பது?

தேய்மான வலி வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பிறகுதான் இறுக்கம் அதிகம். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பெரும்பாலும் இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் சேர்ந்தே வீங்கும். கால் விரல்களிலும் வலி இருக்கும். உடல் அசதி, இலேசான காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவையும் தோன்றலாம். இந்த வீக்கம் சில வாரங்கள் நீடித்தால் காத்திருக்கக் கூடாது.

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் பெற்று மூட்டுவாத நிபுணரைப் பார்க்கலாம். சிலாயாங், புத்ராஜெயா, சிரம்பான் துவாங்கு ஜாபார் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. இரத்தப் பரிசோதனையில் நோய்க் குறி தெரியாவிட்டாலும், மூட்டு வீக்கத்தை வைத்து மருத்துவர் நோயை உறுதிப்படுத்தக்கூடும்.

இரண்டு வகை மருந்து

வலி மாத்திரை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். மூட்டு அரிக்கப்படுவதை அது நிறுத்தாது. நீண்ட காலம் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நோயையே அடக்கும் மருந்துகள் வேறு. அவற்றில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. பக்க விளைவைக் குறைக்கப் போலிக் அமில மாத்திரையும் தரப்படும். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதால், "இந்த மருந்து கேட்கவில்லை" என்று பாதியில் விட்டுவிடக் கூடாது.

கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். மது கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் இம்மருந்தைச் சாப்பிடக் கூடாது. குழந்தை பெற விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரவுச் சந்தை மாத்திரை

"இரண்டே நாளில் வலி பறந்துவிடும்" என்று இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் மாத்திரைகள், மூலிகைப் பொடிகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. வலி உடனே மறைவதற்கு அதுவே காரணம். நாளடைவில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். பதிவு செய்யப்பட்ட மருந்தின் பெட்டியில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் எண் இருக்கும். இத்தகைய மாத்திரையை ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான். அந்தப் பொட்டலத்தையே மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.

அன்றாட வாழ்வில்

காலை இறுக்கத்துக்கு வெந்நீரில் கை வைக்கலாம். சூடாக வீங்கியிருக்கும் மூட்டுக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி இதம் தரும். துணியை முறுக்கிப் பிழிவது, கனமான பானையை விரல்களால் தூக்குவது இரண்டையும் தவிர்த்து, இரு கைகளாலும் அணைத்துத் தூக்கலாம். வீக்கம் அதிகமான நாளில் மூட்டுக்கு ஓய்வு தேவை. மற்ற நாள்களில் நடையும் விரல் பயிற்சியும் கட்டாயம். புகைப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும். அது நோயைக் கடுமையாக்கும்.

வலி இல்லாத மாதங்களிலும் மருத்துவரைப் பார்க்கும் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்தின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.