குறுஞ்செலவுத் திகில் தொகுப்புப் படம்

பல இயக்குநர்களின் திகில் குறும்படங்களை ஒரே தலைப்பின்கீழ் கோத்துத் தரும் வகை. இதன் குறைகளுக்குப் பணமின்மையே காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். 2012இல் வெளிவந்த ‘தி ஏபிசிஸ் ஆஃப் டெத்’ படத்தில் 26 எழுத்துகளுக்கு 26 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5,000 டாலர். இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அப்படத்தில் ஒரு பகுதிக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறவில்லை. அச்சம் மெல்ல ஊற வேண்டியது. அவகாசம் இல்லாதபோது வெறும் அதிர்ச்சியும் அருவருப்பும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பன்முகத்தன்மையே இவ்வகையின் பலம் என்று வாதிடுவோர் உண்டு. பலம்தான், கதைகளைப் பிணைக்கும் சரடு இருக்கும்வரை. நால்வர் இயக்கிய ‘டெட் ஆஃப் நைட்’ (1945) என்ற பிரிட்டிஷ் படத்தில் ஒரு கட்டடக் கலைஞரின் கெட்ட கனவு எல்லாக் கதைகளையும் தனக்குள் இழுத்துக்கொண்டு வளர்கிறது. அந்தச் சரடு திரைக்கதையில் திரிக்கப்பட்டது, பணத்தால் அல்ல.