குக்குரியும் அதை அடித்த கையும்

கத்தியின் தரம் அறிந்தோர் கூடுமிடத்தில், நேபாளத்துக் குக்குரி சிறந்ததா, மலாய் நாட்டுப் பாராங் கத்தி சிறந்ததா என்னும் வாதம் எழுவதுண்டு. புதர் வெட்டப் பாராங் போதும். முன்வளைந்து நுனிப்பக்கம் கனத்த குக்குரியோ கட்டையையும் பிளக்கும். 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கில-நேபாள யுத்தத்தில் அதன் வன்மையை ஆங்கிலேயரும் நேரிற் கண்டனர்.

அவ்வன்மை எங்ஙனம் வந்தது? உலையிற் பழுக்கக் காய்ச்சிய அலகின் வாய்ப்புறத்தில் மட்டும் கெண்டியால் நீர் வார்ப்பர் கொல்லர். வாய் கடினமாகும், முதுகோ முறியாது தாங்கும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையும் அவர் கையில் நல்ல கத்தியாகும்.

ஆயின், அக்கொல்லராகிய காமி வகுப்பாரை 1854ஆம் ஆண்டின் நேபாளச் சட்டம் தீண்டத்தகாதார் என்றது. அவர் தொட்ட நீரை மேற்சாதியார் அருந்தலாகாது என்றது. அவர் வார்த்த நீரால் உரம்பெற்ற கத்தி அரையில் தொங்கலாம். அவர் தரும் குடிநீர் மட்டும் ஆகாதாம்! இஃதென்ன நியாயம் என்று கேட்கிறோம்.

1963இல் வந்த புதிய சட்டம் அப்பேதத்தை விலக்கிற்று. 2011இல் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச்சட்டமே பிறந்தது. எனினும், சட்டம் மாறியும் மனம் மாறாதார் இன்னும் உளர். தோழர்களே, கத்தியை மெச்சுமுன் அதை அடித்த கையை மதிக்கக் கற்போமாக!