'ஓட்டுநர் பிழை' என்னும் கணக்கு: தானியங்கிச் சரக்கு வாகனங்களும் பாதுகாப்பும்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் இந்த இறப்புகளுள் ஏறத்தாழ 71 விழுக்காடு அதிவேகத்தின் பெயரில் பதிவாகியுள்ளது. தானியங்கி லாரிகளை ஆதரிப்போர் இங்கிருந்துதான் வாதத்தைத் தொடங்குகிறார்கள்: தவறுபவன் மனிதன், அவனை இறக்கிவிட்டால் விபத்து குறையும். இது அவசர முடிவு. வண்டி வேகமாகப் போனது என்று பதிவேடு சொல்கிறது. தூக்கத்தைத் தள்ளிவைத்து ஓட்டுநர் ஏன் விரட்டினார் என்பதை அது சொல்வதில்லை. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வரையறுத்தது. நெடுந்தூர லாரிகளில் அது பெரும்பாலும் ஏட்டோடு சரி.

இயந்திரம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறிவிடுமா? 2022 ஏப்ரலில் அரிசோனாவில் டூசிம்பிள் நிறுவனத்தின் தானியங்கி லாரி, காலாவதியான கட்டளை ஒன்றை நிறைவேற்றப் போய், சட்டென இடப்புறம் திரும்பித் தடுப்புச்சுவரில் மோதியது. நிறுவனம் கூறிய காரணம் மனிதப் பிழை!

சரக்கு வண்டியின் தனிச்சிக்கல் எடை. பிரேக் போட்டபின் லாரி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது ஏற்றிய பாரத்தையும் அதைக் கட்டிய விதத்தையும் பொறுத்தது. 2018இல் அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்திய பிறகும் மிகைப்பாரம் ஒழியவில்லை. பில்லில் ஓர் எடை, பாடியில் ஓர் எடை என்றால் மென்பொருள் எதை நம்பும்? கயிறு தளர்வதைக் கண்ணாடியில் பார்த்து ஓரங்கட்டுவதும் ஓட்டுநரின் வேலைதான். 'ஓட்டுதல்' என்னும் இலக்கணத்துக்குள் அதை யாரும் சேர்ப்பதில்லை.

இயந்திரம் எங்கே தனியாக ஓடலாம் என்பதை அறியச் சென்னையின் மந்தைவெளி நல்ல ஆய்வுக்களம். இங்கே நிலத்துக்கடியில் செல்லும் மாதவரம்–சிறுசேரி மெட்ரோ தடம், ஓட்டுநரில்லா ரயில்களுக்காகத் திட்டமிடப்பட்டது. சுரங்கத்தில் குறுக்கே யாரும் வரமாட்டார்கள். நடைமேடையிலும் தடுப்புக் கதவுகள் இருக்கும். மேலே ராமகிருஷ்ண மடம் சாலையில், மளிகைக் கடைக்குச் சரக்கிறக்க வந்த 'குட்டியானை' மினிலாரி பின்னால் வர ஒருவர் இறங்கி நின்று, "வா, வா, வா... ஹோல்டான்!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரே ஊர், இரு வேறு உலகங்கள். கீழே பாதுகாப்பைத் தருவது ரயிலின் அறிவு மட்டுமல்ல, அடைக்கப்பட்ட பாதையும்தான். ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ரியோ டின்டோவின் ஆளில்லா இரும்புத்தாது ரயில்கள் 2018 முதல் ஓடுவதும், சிங்கப்பூர் துவாஸ் துறைமுகத்தில் ஆளில்லா வண்டிகள் கன்டெய்னர் சுமப்பதும் இதே அடிப்படையில்தான்.

ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்று சொல்லி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஆளில்லாக் கார்களை எதிர்த்துவருகிறார். வேலைக் கவலை நியாயமானது; ஆனால் அதைப் பாதுகாப்பு வாதத்தோடு குழப்பக் கூடாது. துறைமுக வளாகம், கனிமச் சுரங்கம், கிடங்கு போன்ற வேலியிட்ட இடங்களில் தானியங்கி வண்டிகளை அனுமதிக்கலாம். அனுமதியைத் தனி வண்டிக்கு வழங்காமல், குறிப்பிட்ட பாதைக்கும் அதன் பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து வழங்க வேண்டும். வளாக வாயிலில் எடை மேடையும், அங்கிருந்து வண்டியை எடுத்துச் செல்ல எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்காத ஓர் ஓட்டுநரும் அந்த அனுமதியின் நிபந்தனைகளாக இருக்க வேண்டும்.